டின் பவுடரா, கலந்தே வரும் பாலா?

அமெரிக்காவிலோ கனடாவிலோ இங்கிலாந்திலோ குழந்தை பெற்றுக்கொள்ளும் தமிழ்க் குடும்பங்களுக்கு, ஊரில் இருந்தால் எழாத ஒரு கேள்வி கடை அலமாரியின் முன்னால் எழும். ஃபார்முலா எனப்படும், தாய்ப்பாலுக்குப் பதிலாகக் கொடுக்கும் குழந்தைப் பால், ஒரே கம்பெனியின் ஒரே பால், இரண்டு வடிவத்தில் இருக்கும். ஒரு பக்கம் டின்னில் பவுடர். பக்கத்திலேயே, தண்ணீர்கூடச் சேர்க்க வேண்டாத, மூடியைத் திறந்ததும் கொடுத்துவிடக்கூடிய திரவப் பால். விலையைப் பார்த்தால் கை பவுடர் பக்கம் போகும். ராத்திரி முழுக்க விழித்திருந்தவர் என்றால் திரவப் பால் பக்கம் போகும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழந்தைக்கு 2 மாதம் நிரம்பும் வரை, காசு இடம்கொடுத்தால் கலந்தே வரும் பால். குறைமாதத்தில் பிறந்த குழந்தை, நோய் எதிர்ப்பு சக்தி குறைந்த குழந்தை என்றால், மருத்துவர் மாற்றச் சொல்லும் வரை அதுவே. அதற்குப் பிறகு பவுடர் போதும். ஆனால் பவுடர் நல்ல தேர்வா என்பது டின்னைப் பார்த்துச் சொல்லக்கூடியதல்ல. யார் கலக்கிறார், எந்தத் தண்ணீரில், எவ்வளவு சூட்டில், எந்தக் கரண்டியால் என்பதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பிராண்டைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிற நாம் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

தாய்ப்பால் போதிய அளவு கிடைக்கிறது என்றால் இந்தக் கேள்விக்கே இடமில்லை. கிடைக்கவில்லை, அல்லது உடல்நிலையோ மருந்தோ இடம்கொடுக்கவில்லை என்றால் புட்டிப்பால் கொடுப்பதில் எந்தத் தாயும் குன்றிப்போக வேண்டியதில்லை. சரியாகக் கலந்து கொடுக்கிறோமா என்பது மட்டுமே அதற்குமேல் யோசிக்க வேண்டியது.

சத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சாதாரண ஃபார்முலா எந்த வடிவத்தில் இருந்தாலும் 100 மில்லிக்கு ஏறக்குறைய 67 கலோரி. புரதம், கொழுப்பு, இரும்புச் சத்து எவ்வளவு இருக்க வேண்டும் என்ற அரசு விதி இரண்டுக்கும் ஒன்றுதான். திரவப் பாலை அதிகச் சூட்டில் பதப்படுத்துவதால் நிறம் கொஞ்சம் பழுப்பாக இருக்கும், வாசனையும் வேறுபடும். அடியில் தங்காமல் இருக்கச் சில நிலைப்படுத்திகள் சேர்ப்பார்கள். அமெரிக்காவில் சில திரவப் பால்களில் கடல்பாசியிலிருந்து எடுக்கும் கராஜீனன் என்ற நிலைப்படுத்தி இருக்கும்; ஐரோப்பாவில் குழந்தைப் பாலில் அதற்கு அனுமதி இல்லை. லேபிளைப் படித்துப் பார்த்து உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். விலை அதிகமானது சத்தும் அதிகமானது என்று எண்ணி மட்டும் திரவப் பாலை வாங்க வேண்டாம்.

பவுடருக்குள் என்ன இருக்கலாம்

உண்மையான வித்தியாசம் கிருமியில் இருக்கிறது. கலந்தே வரும் பால் மூடி திறக்கும் வரை கிருமி நீக்கப்பட்ட பொருள். பவுடர் அப்படியல்ல. எவ்வளவு சுத்தமான ஆலையில் தயாரானாலும் பவுடரை முழுமையாகக் கிருமி நீக்கம் செய்வதில்லை. குரோனோபாக்டர் என்ற பாக்டீரியா உலர்ந்த பவுடருக்குள் நீண்ட காலம் உயிரோடு இருக்கும். தண்ணீரும் மிதமான சூடும் கிடைத்ததும் பெருகும். இந்தத் தொற்று அரிதானதுதான். ஆனால் பச்சிளங்குழந்தைக்கு வந்தால் ரத்தத்தில் நஞ்சேறும், மூளைச்சவ்வு வீங்கும். பிழைத்த குழந்தைகளிலும் சிலருக்கு மூளைப் பாதிப்பு வாழ்நாள் முழுக்க நிற்கும். 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் குறைமாதக் குழந்தைகளுக்கும்தான் ஆபத்து மிக அதிகம்.

2001-இல் டென்னசி மாநில மருத்துவமனை ஒன்றின் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் இந்தத் தொற்று பரவியது. ஒரு குழந்தை மூளைச்சவ்வு அழற்சியால் இறந்தது. விசாரணையில், அங்கே கொடுக்கப்பட்ட பவுடர் பாலில் அந்தக் கிருமி இருந்தது தெரிந்தது. வேறு வழி இல்லாதபோது தவிர, தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பவுடர் பால் வேண்டாம் என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அடுத்த ஆண்டே அறிவுறுத்தியது. மருத்துவமனையில் பிறந்த குழந்தைக்குக் குட்டிக் குட்டி பாட்டில்களில் திரவப் பால் தருவதற்குப் பின்னால் இந்தக் காரணமும் இருக்கிறது. நர்ஸுக்கு வேலை மிச்சம் என்பதற்காக மட்டும் தருவதாகப் பலர் எண்ணிக்கொள்கிறார்கள். வீட்டுக்கு வந்த மறுநாளே பவுடருக்கு மாறுபவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும். மருத்துவமனை வாசலைத் தாண்டியதால் குழந்தையின் வயது கூடிவிடவில்லை.

2022 பலருக்கும் நினைவிருக்கும். பிப்ரவரி 17 அன்று அபாட் நிறுவனம் மிச்சிகன் மாநிலம் ஸ்டர்ஜிஸ் ஆலையில் தயாரான சிமிலாக், அலிமென்டம், எலிகேர் பவுடர்கள் சிலவற்றைத் திரும்பப் பெற்றது. அந்த ஆலையின் பவுடரைக் குடித்த சில குழந்தைகளுக்குத் தொற்று வந்ததாகப் புகார் எழுந்திருந்தது. அந்தக் குழந்தைகளின் நோய்க்கும் ஆலைக்கும் நேரடித் தொடர்பு உறுதியாக நிறுவப்படவில்லை. ஆனால் ஆலைக்குள் எடுத்த மாதிரிகளில் குரோனோபாக்டர் இருந்தது. ஆலை மூடப்பட்டு, நாடு முழுக்க அலமாரிகள் காலியாகி, ராணுவ விமானத்தில் ஐரோப்பாவிலிருந்து பால் பவுடர் கொண்டுவரும் நிலை வந்தது. திரும்பப் பெற்ற பட்டியலில் திரவப் பால் இல்லை. ஆனால் திரவப் பால் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம் என்றும் இல்லை. அதே ஆண்டு அக்டோபரில், மூடி சரியாக ஒட்டாததால் கெட்டுப்போகலாம் என்று, அதே நிறுவனம் 2 அவுன்ஸ் திரவப் பால் பாட்டில்களில் சில தொகுதிகளையும் திரும்பப் பெற்றது. மூடியைத் திருகும்போது சீல் முறியும் சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். கேட்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள்.

தண்ணீரைக் கொதிக்க வைப்பது எதற்காக

நம் வீடுகளில் வழக்கம் இது: காலையில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, மூடி வைத்துக்கொள்வது. குழந்தை அழும்போது வெதுவெதுப்பாக இருக்கும் அந்தத் தண்ணீரில் பவுடரைப் போட்டுக் குலுக்குவது. அம்மா அப்படித்தான் செய்தார், அக்கா அப்படித்தான் செய்தாள். 'கொதிச்சு ஆறின தண்ணிதான்' என்று நிம்மதியாகச் சொல்லுவோம்.

தண்ணீர் சுத்தமாகிவிட்டது என்பது உண்மைதான். பவுடர் சுத்தமாகவில்லை. சூடு பட வேண்டியது பவுடர் மேலே. உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் 2007-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதைத் தெளிவாகச் சொல்கிறது: பவுடரைப் போடும்போது தண்ணீரின் சூடு 70 டிகிரி செல்சியஸுக்குக் குறையக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீர் குரோனோபாக்டரைக் கொல்லாது. அது பெருகுவதற்கு வசதியான சூட்டைத்தான் கொடுக்கும்.

இங்கிலாந்தின் அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ். சொல்லும் முறை எளிமையானது. குறைந்தது 1 லிட்டர் குழாய்த் தண்ணீரைக் கெட்டிலில் கொதிக்க வைத்து, 30 நிமிடத்துக்கு மேல் ஆறவிடாமல் பயன்படுத்த வேண்டும். அரை டம்ளர் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் சீக்கிரம் ஆறிவிடும், அதனால்தான் 1 லிட்டர். பாட்டிலில் முதலில் தண்ணீர், பிறகு பவுடர், நன்றாகக் குலுக்கி, குழாய்க்கு அடியில் பாட்டிலைப் பிடித்துக் குளிரவைத்து, மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுக்க வேண்டும். இந்தக் கடைசி வேலையை ஒருநாளும் விட்டுவிடக் கூடாது. 70 டிகிரி பால் குழந்தையின் வாயை வேகவைத்துவிடும்.

அமெரிக்க டின்கள் பலவற்றில் இந்த 70 டிகிரி கணக்கு இருக்காது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. அதைக் குறிப்பாக 2 மாதத்துக்கு உட்பட்ட, குறைமாத, நோய் எதிர்ப்பு குறைந்த குழந்தைகளுக்குச் சொல்கிறது. முடிந்தால் அவர்களுக்குத் திரவப் பாலே கொடுங்கள் என்றும் சொல்கிறது. புரோபயாடிக் சேர்த்த பவுடர்களில் வெதுவெதுப்பான நீரில் கலக்கச் சொல்லி அச்சிட்டிருப்பதும் உண்டு, ஏனென்றால் சுடுநீர் அந்த நல்ல நுண்ணுயிர்களையும் கொன்றுவிடும். மிகச் சின்னக் குழந்தைக்கு அந்த நன்மையை விட்டுவிட்டுச் சூட்டைத் தேர்ந்தெடுப்பதுதான் சரி என்பது என் எண்ணம். உங்கள் குழந்தை மருத்துவர் வேறு சொன்னால் அவர் பேச்சைக் கேளுங்கள்.

இப்போது இரவு 2 மணிக்கு இதையெல்லாம் செய்ய வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். திரவப் பாலின் உண்மையான மதிப்பு அந்த நேரத்தில்தான் தெரியும். கழுவி வெந்நீரில் கொதிக்கவைத்த பாட்டிலில் ஊற்றினால் முடிந்தது. அறைச் சூட்டிலேயே கொடுக்கலாம், சுடவைக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. பவுடர்தான் என்றால் நல்ல ஃப்ளாஸ்க் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கொதித்த தண்ணீரை நிறைய ஊற்றி இறுக்கி மூடினால் பல மணி நேரம் 70 டிகிரிக்கு மேலேயே இருக்கும். அல்லது மாலையிலேயே முறைப்படி கலந்து, உடனே குளிரவைத்து, ஃபிரிட்ஜில் உள்தட்டில் வைத்துக்கொள்ளலாம். 24 மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். வெளியே வைத்தால் 2 மணி நேரம்தான். குழந்தை வாய் வைத்துவிட்டால், பவுடரானாலும் திரவமானாலும், 1 மணி நேரத்தில் மீதியைக் கொட்டிவிட வேண்டும். 'இவ்வளவு விலை கொடுத்து வாங்கினது' என்று எடுத்து வைக்கவே கூடாது.

கரண்டிக் கணக்கு

நம் குடும்பங்களில் அடிக்கடி நடக்கும் தவறு இதில்தான். இந்தியாவிலும் இங்கிலாந்திலும் விற்கும் பெரும்பாலான டின்களில் 30 மில்லி தண்ணீருக்கு 1 கரண்டி. அமெரிக்க டின்களில் பொதுவாக 60 மில்லிக்கு, அதாவது 2 அவுன்ஸுக்கு, 1 கரண்டி. கரண்டியின் அளவே வேறு. மதுரையிலிருந்து பேத்தியைப் பார்க்க வந்த பாட்டி, ஊரில் பழகிய கணக்கில் அமெரிக்கக் கரண்டியால் போட்டால் பால் இரண்டு மடங்கு கெட்டியாகிவிடும். மலச்சிக்கலில் தொடங்கி, உடம்பில் உப்பு ஏறி நீர் வற்றும் நிலைவரை போகலாம். ஊருக்குப் போன இடத்தில் இந்திய டின்னை வாங்கி, அமெரிக்கக் கணக்கில் கலந்தால் பால் பாதியாக நீர்த்துப்போகும். குழந்தைக்குச் சத்து போதாது. அதைவிட மோசமாக, ரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்பு வரலாம். டின்னுக்குள் இருக்கும் கரண்டி அந்த டின்னுக்கு மட்டும்தான். தொலைந்துபோனால் வேறு டின்னின் கரண்டியை எடுக்காதீர்கள்.

கரண்டியை அழுத்தி அடைக்கக் கூடாது, குவிக்கவும் கூடாது. கத்தி முதுகால் வழித்துச் சமமாக்க வேண்டும். பவுடரைப் போட்டுவிட்டுக் கோடுவரை தண்ணீர் ஊற்றினாலும் பால் கெட்டியாகும். 'புள்ள கொழுகொழுன்னு ஆகட்டும்' என்று அரைக் கரண்டி கூடப் போடுவதும், 'செரிக்காது, சளி புடிச்சுக்கும்' என்று தண்ணீராகக் கரைப்பதும் பாசத்தில் செய்வதுதான். சண்டை போட வேண்டாம். டின்னில் போட்டிருக்கும் கணக்கை, அமெரிக்க டின் என்றால் 'தண்ணி 60, கரண்டி 1. தண்ணி 120, கரண்டி 2' என்று, மார்க்கரால் தமிழில் எழுதி அதன் மேல் ஒட்டிவிடுங்கள். வீட்டில் யார் கலந்தாலும் ஒரே பால் வரும்.

பாட்டி, தாத்தா, பகல்நேரக் காப்பகம், பக்கத்து வீட்டு அக்கா என்று பல கைகள் மாறும் வீட்டில் திரவப் பால் இந்தத் தலைவலியைத் தீர்க்கிறது. ஆனால் அதிலும் ஒரு பொறி உண்டு. கொழகொழப்பாக இருக்கிறதே என்று அதில் தண்ணீர் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். கலந்தே வரும் பாலில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடச் சேர்க்கக் கூடாது. இன்னொரு பொறி கடையிலேயே இருக்கிறது: அமெரிக்காவிலும் கனடாவிலும் செறிவூட்டிய திரவப் பால் என்று மூன்றாவது வகை உண்டு. அதில் சம அளவு தண்ணீர் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும். பார்வைக்கு இரண்டும் அக்கா தங்கை மாதிரியே இருக்கும். அவசரத்தில் மாற்றி எடுத்து வந்து அப்படியே ஊற்றிக் கொடுத்துவிடக்கூடும். அந்த மூன்றாவது வகையை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். விலையில் கொஞ்சம் மிச்சம் என்றாலும், தண்ணீர் சேர்க்கும் வேலையும் அளவுத் தவறும் அதிலும் இருக்கின்றன.

பணமும் சுமையும்

5 கிலோ எடையுள்ள குழந்தை, கிலோவுக்கு 150 மில்லி என்ற பொதுக் கணக்கில், நாளைக்கு 750 மில்லி குடிக்கும். மாதத்துக்கு 22 லிட்டரைத் தாண்டும். பவுடராக வாங்கினால் அது ஏறக்குறைய 3 கிலோ. திரவமாக வாங்கினால் 946 மில்லி பாட்டில்கள் 24, எல்லாம் சேர்ந்து 24 கிலோவுக்கு மேல். லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி அபார்ட்மென்டில் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல, அதுவும் ஆபரேஷன் ஆன உடம்போடு. குப்பையில் சேரும் பிளாஸ்டிக்கும் அதே அளவில் கூடும்.

விலை ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறும். அவுன்ஸ் கணக்கில் பார்த்தால் பெரிய பாட்டில் திரவப் பால் பவுடரைவிடத் தெளிவாக அதிகம். 2 அவுன்ஸ் குட்டிப் பாட்டில்கள் அதைவிடப் பல மடங்கு. கடை ஷெல்ஃபில் ஒட்டியிருக்கும் அவுன்ஸ் விலையைப் பாருங்கள், பாட்டில் விலையைப் பார்க்காதீர்கள். டின்னில் இருக்கும் எடையை வைத்தும் ஒப்பிட வேண்டாம்; கலந்த பிறகு எத்தனை அவுன்ஸ் வரும் என்று டின்னிலேயே போட்டிருக்கும், அதை வைத்துக் கணக்கிடுங்கள்.

வீணாவதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். திறந்த திரவப் பாலை ஃபிரிட்ஜில் வைத்தாலும் அமெரிக்க லேபிள்களில் பெரும்பாலும் 48 மணி நேரம்தான், இங்கிலாந்தில் 24 மணி நேரம். தாய்ப்பாலும் கொடுத்துக்கொண்டு நாளைக்கு ஒருமுறை மட்டும் புட்டிப்பால் கொடுப்பவர், பெரிய பாட்டிலைத் திறந்தால் பாதியைக் கொட்ட நேரிடும். அவர்களுக்குக் குட்டிப் பாட்டில்தான் கடைசியில் லாபம். பவுடர் டின்னோ திறந்த பிறகு ஒரு மாதம் வரை வரும், உலர்ந்த இடத்தில் இறுக்கி மூடி வைத்தால். ஃபிரிட்ஜில் வைத்தால் ஈரம் ஏறும்.

முதல் 2 மாதம் முழுக்கத் திரவப் பால் வாங்க முடியாத குடும்பங்கள் நிறைய. அதற்காகக் கலங்க வேண்டாம். 70 டிகிரி முறையை ஒழுங்காகக் கடைப்பிடித்தால் ஆபத்தில் பெரும்பகுதி போய்விடும். பணம் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் இரவு வேளைகளுக்கு மட்டும் திரவப் பால் வாங்குங்கள். தூக்கக் கலக்கத்தில்தான் கரண்டிக் கணக்கு தவறும், தண்ணீரின் சூடு தவறும்.

தண்ணீர் சரியில்லாத இடம்

கொதிக்க வைத்தால் எல்லாம் போய்விடும் என்ற நம்பிக்கை, தண்ணீரில் கரைந்திருக்கும் ஃப்ளூரைடு, நைட்ரேட் போன்ற உப்புகளிடம் செல்லாது. கொதிக்கக் கொதிக்க நீர் ஆவியாகி, அவற்றின் செறிவு இன்னும் கூடத்தான் செய்யும். பவுடர் பாலில் பெரும்பங்கு நீங்கள் ஊற்றும் தண்ணீர்தான் என்பதால் அந்தத் தண்ணீரில் இருப்பதெல்லாம் குழந்தைக்குப் போகும். நைட்ரேட் அதிகமான கிணற்று நீர் கைக்குழந்தையின் ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறுவதைத் தடுத்து உடம்பை நீலம் பாயச் செய்யும். கிராமப்புற அமெரிக்காவில் சொந்தக் கிணறு உள்ள வீட்டில் குடியிருப்பவர்கள் தண்ணீரைச் சோதித்துப் பார்க்காமல் பவுடர் கலக்கவே கூடாது.

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துக்காரர்களுக்கு, பல்லையும் எலும்பையும் கெடுக்கும் நிலத்தடி நீரின் ஃப்ளூரைடு பற்றிச் சொல்ல வேண்டியதில்லை; ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்தது. அப்படிப்பட்ட இடத்தில் பவுடர்தான் வழி என்றால் ஆழ்துளைக் கிணற்று நீரை விட்டுவிட்டு, திட்டத்தில் வரும் ஆற்று நீரையோ ஆர்.ஓ. நீரையோ கொதிக்க வைத்துக் கலக்க வேண்டும். அமெரிக்க நகரங்களில் குழாய்த் தண்ணீரில் சேர்க்கப் பரிந்துரைக்கப்படும் ஃப்ளூரைடு லிட்டருக்கு 0.7 மில்லிகிராம்தான். அதில் தினமும் பவுடர் கலந்தால் பின்னாளில் பல்லில் லேசான வெண்புள்ளி வரலாம், அதற்குமேல் பயப்பட ஒன்றுமில்லை.

ஊருக்குப் போகும்போது

விமானத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை, கலந்தே வரும் பால்தான். அமெரிக்காவிலிருந்து என்றால் பெரும்பாலும் 20 மணி நேரத்துக்கு மேல் பயணம். 70 டிகிரி தண்ணீரை அந்தக் குலுக்கலில் யாரும் கையாள முடியாது. குழந்தைப் பாலுக்கு 100 மில்லி கட்டுப்பாடு பொருந்தாது. பாதுகாப்புச் சோதனையில் முதலிலேயே எடுத்துக் காட்டிச் சொல்லிவிடுங்கள். தேவையைவிட இரண்டு மூன்று வேளைக்கு அதிகமாகக் கொண்டுபோங்கள், ஏனென்றால் விமானம் தாமதமாவது உண்டு.

ஆனால் சென்னையில் இறங்கிய பிறகு திரவப் பாலை நம்பக் கூடாது. மெடிக்கல் ஷாப்பில் கிடைப்பது பெரும்பாலும் பவுடர்தான். திரவப் பாலை மட்டுமே குடித்துப் பழகிய குழந்தையை, பயணக் களைப்பிலும் புது ஊர் வெயிலிலும், புது பிராண்டு பவுடருக்கு மாற்றுவது எல்லோருக்கும் கஷ்டம். புறப்படுவதற்கு ஓரிரு வாரம் முன்பே அதே பிராண்டின் பவுடருக்கு மாற்றிவிட்டு, தங்கும் நாட்களுக்குத் தேவையான டின்களை, அவற்றின் கரண்டியோடு, எடுத்துப் போங்கள். மேலே சொன்ன மாதம் 3 கிலோ கணக்கு பெட்டி கட்டும்போது உதவும். வெயில் காலமாயிற்றே என்று 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத் தனியாகத் தண்ணீர் புகட்டச் சொல்லுவார்கள். வேண்டாம், பாலிலேயே போதிய நீர் இருக்கிறது.

திரவத்திலிருந்து பவுடருக்கு மாறும்போது சில குழந்தைகள் முகம் சுளிக்கும். வாசனையும் அடர்த்தியும் கொஞ்சம் வேறு என்பதால்தான். முதலில் நாளைக்கு ஒரு வேளை, பிறகு இரண்டு வேளை என்று கூட்டுங்கள். மலத்தின் நிறமும் இறுக்கமும் சில நாட்கள் மாறலாம். ரத்தம் கலந்து போனாலோ, பால் குடிக்க மறுத்துச் சோர்ந்து கிடந்தாலோ, 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி காய்ச்சல் வந்தாலோ, பால் மாற்றியதால்தான் என்று வீட்டிலேயே காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். போகும்போது டின்னையோ பாட்டிலையோ கையோடு எடுத்துச் செல்லுங்கள். அடியில் அச்சிட்டிருக்கும் தொகுதி எண் மருத்துவருக்குத் தேவைப்படலாம்.